பொதுமுடக்கத்துக்குப் பின் நற்கருணையை நாவில் வழங்காதது முறையா?

கொரோனா பொதுமுடக்கத்துக்குப் பின் புதுச்சேரியில் கத்தோலிக்கக் கோயில் திறந்தபோதும், நற்கருணையை (திருப்பலி வழிபாட்டில் வழங்கும் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) நாவில் வைக்காமல் கையில் மட்டுமே தந்தது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். 2020 ஜூன் 8 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அனுமதித்த மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறைகள், தீர்த்தம் தெளிப்பது, சுரூபங்களை (திருவுருவச் சிலைகளை) தொடுவது, பாடகர் குழு பாடுவது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னதோடு, 65 வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருக்கவும் அறிவுறுத்தின. கையில் பெறுவது அவசரத்துக்குக் கண்டுபிடித்த வழியன்று. ஆயர் பேரவை (ஒரு நாட்டு ஆயர்களின் கூட்டமைப்பு) வேண்டினால் அதை அனுமதிக்கலாம் என்று உரோமையிலுள்ள திருச்சபைத் தலைமை 1969-லேயே வகுத்துவிட்டது. தக்க காரணத்தால் வர இயலாதவரை ஞாயிறு திருப்பலியில் பங்கேற்க வேண்டிய கடனும் கட்டுப்படுத்தாது. எனினும் பழக்கம் எளிதில் விடுவதில்லை: வறண்டு கிடந்த தீர்த்தத் தொட்டியில் விரலை விட்டு, ஈரமில்லாமலே நெற்றியில் சிலுவை வரைந்துகொண்ட பாட்டிமாரை (என்னையும் சேர்த்துத்தான்) அந்த மாதங்களில் வாசலிலேயே காண முடிந்தது.