எது ஒரிஜினல் லிங்கன் ஹைவே? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அயோவால ஏம்ஸ்ல இருக்கேன். வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி லிங்கன் வேன்னு ஒரு ரோடு, தினமும் அதுலதான் ஆபீஸ் போறேன். நியூயார்க்லேர்ந்து சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் கார் போறதுக்குன்னே 1913ல அறிவிச்ச லிங்கன் ஹைவே அதுதான்னு உங்க பதிவுல படிச்சதும் போன வாரம் குடும்பத்தோட டேமா பக்கம் கிளம்பிட்டோம். போனா ஒரே குழப்பம். நாலு லேன் யூஎஸ் 30 ஒண்ணு, பக்கத்துலயே பழைய யூஎஸ் 30 கவுண்டி ரோடா ஒண்ணு, அதுலேர்ந்து பிரிஞ்சு சோளக்காட்டுக்குள்ள போற ஜல்லி ரோட்டுலயும் லிங்கன் ஹைவேன்னு போர்டு. எதுங்க ஒரிஜினல்? இன்னொண்ணும் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க: பழைய ரோட்டைக் காப்பாத்தணும்னு எழுதறீங்களே, வெடிச்சுப்போன காங்கிரீட்டை எல்லாம் காசு போட்டு காப்பாத்தறது கொஞ்சம் ஓவரா இல்லையா? அது என்ன கோட்டையா, கோயிலா?

அன்புள்ள நண்பருக்கு,

நாலு லேன் ரோடு பின்னாடி வந்தது, மத்த ரெண்டும் ஒவ்வொரு காலத்துல லிங்கன் ஹைவேயா இருந்ததாத்தான் இருக்கும்.

1913 அக்டோபர் 31ல இதை முறைப்படி அர்ப்பணிச்சப்ப மொத்தம் 3,389 மைல்னாங்க, ஆனா அதுக்காக புதுசா ரோடு எதுவும் போட்டு வைக்கல, ஏற்கெனவே இருந்த ஊர் தெரு, வண்டிப்பாதை, பண்ணைகளுக்கு நடுவுல போற மண் ரோடு எல்லாத்தையும் மேப்ல கோத்து இதுதான் வழின்னு சொன்னாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் வளைவு எடுத்தாங்க, ரயில்வே கேட்டைத் தவிர்க்க ரோட்டைத் தள்ளிப் போட்டாங்க, பாலத்தை மாத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் பழைய துண்டு ஓரமா நின்னுடும். நீங்க பார்த்த ஜல்லி ரோடு பெரும்பாலும் அப்படி நின்னுபோனதாத்தான் இருக்கும்.

ஐடியா கார்ல் ஃபிஷரோடது. இண்டியானாபொலிஸ் ரேஸ் ட்ராக்கை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், கார் ஹெட்லைட் வித்தே பணக்காரர் ஆனவர். 1912ல இவர் சொன்னது, கார் கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து ஒரு கோடி டாலர் போட்டா கடலுக்குக் கடல் நல்ல ரோடு போட்டுடலாம்னு. குட்இயர் வந்தாங்க, பேக்கார்டு வந்தாங்க. ஹென்றி ஃபோர்டு மட்டும் மாட்டேன்னுட்டார்: ரோடு போடறது அரசாங்கத்து வேலை, நாம போட்டுக் குடுத்தா ஜனங்க வரிப்பணத்துல ரோடு போடவே பழக மாட்டாங்கன்னு. கஞ்சத்தனம்னு நினைக்கத் தோணும், எனக்கு என்னமோ அந்தக் கூட்டத்துலயே தொலைநோக்கா பேசினது அவர்தான்னு தோணுது.

காசு சேரல. அப்பதான் ஒரு கில்லாடித்தனம் பண்ணாங்க, சீட்லிங் மைல், அதாவது நாத்து மைல். சிமெண்ட் கம்பெனிங்க சிமெண்டை இனாமா குடுக்க, ஊருக்கு வெளிய, சேறு ஜாஸ்தியா இருக்கற இடமா பார்த்து, ஒரே ஒரு மைலுக்கு காங்கிரீட். முதல் துண்டு 1914ல இல்லினாய்ஸ்ல மால்டாங்கற ஊருக்குப் பக்கத்துல. யோசிச்சுப் பாருங்க, காலையிலேர்ந்து சேத்துல டயர் புதைஞ்சு தள்ளிக்கிட்டு வர்றவன் திடீர்னு வழுவழுன்னு ஒரு மைல் ஓட்டறான், ஆஹான்னு நிமிர்றதுக்குள்ள மறுபடி சேறு. அடுத்த தடவை ரோட்டுக்கு வரி போடணும்னு ஓட்டெடுப்பு வந்தா அவன் எந்தப் பக்கம் நிப்பான்? அந்த ஒரு மைலைப் போட்டதே, சுத்தி இருக்கற ரோடு எவ்ளோ மோசம்னு காட்டத்தான்.

1919ல ராணுவமே லாரிகளோட வாஷிங்டன்லேர்ந்து கிளம்பி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போச்சு, பெரும்பகுதி இந்த வழியாத்தான், உங்க அயோவாவும் அதுல உண்டு. போய்ச் சேர 62 நாள். பாரம் தாங்காம வழியில பாலங்க உடைஞ்சுது. கூடப் போனவர்ல ஒருத்தர் ஐசன்ஹோவர், பின்னாடி ஜனாதிபதியாகி, நாடு முழுக்க பெரிய நெடுஞ்சாலை போட 1956ல இண்டர்ஸ்டேட் சட்டத்துல கையெழுத்துப் போட்ட அதே ஐசன்ஹோவர். அப்படி வந்த ஐ-80ங்கற இண்டர்ஸ்டேட் ரோடுதான் அப்புறம் லிங்கன் ஹைவேயை ஆளில்லாத ரோடா ஆக்குச்சு. இதுல சோகப்பட எதுவும் இல்ல, ஆரம்பிச்சவங்க கேட்டது நல்ல ரோடு, கிடைச்சுது.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. கோயில் இல்லதான். ஆனா நான் காப்பாத்தச் சொல்றது காங்கிரீட்டை மட்டும் இல்ல, அது எந்த இடத்துல கிடக்குதோ அந்த இடத்தோட சேர்த்து. ரோட்டோரம் வழி காட்டற கல்லு விஷயத்தையே எடுத்துக்குங்க. 1926ல நம்பர் போட்ட ஹைவே வந்து ரோட்டுங்களோட பேரெல்லாம் அடிபட்டுப் போக, 1928 செப்டம்பர் 1ஆம் தேதி நாடு முழுக்க பாய் ஸ்கவுட் பசங்க ஒரே நாள்ல ஏறக்குறைய 3,000 காங்கிரீட் கல்லு நட்டாங்க. சிவப்பு வெள்ளை நீலப் பட்டை, நடுவுல எல் (L) எழுத்து, சின்னதா லிங்கன் முகம் பதிச்ச வட்டம், அதோட போற திசைக்கு நீல அம்புக்குறி. ரோட்டை அகலப்படுத்தினப்ப நிறைய கல்லைப் பிடுங்கி பார்க்லயும் வீட்டு வாசல்லயும் கொண்டுபோய் வச்சுட்டாங்க, பாவம் பத்திரமா இருக்கட்டும்னு நல்ல எண்ணத்துலதான். இப்ப அந்த அம்பு இடதுபக்கம் திரும்புன்னு காட்டும், அங்க திரும்பினா யார் வீட்டு புல்வெளியோ. நின்ன முக்குலயே நின்னிருந்தா, 1928ல ரோடு எங்க மடங்குச்சுன்னு அது ஒண்ணே சொல்லிருக்கும். இடிக்கறதைத் தவிர வேற வழி இல்லன்னா நகர்த்தலாம். பென்சில்வேனியால பெட்ஃபோர்ட்ல காபி பாட் மாதிரியே 1927ல கட்டின கடையை அப்படித்தான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தி பிழைக்க வச்சாங்க, அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல.

டேமா வரைக்கும் போயிட்டு அந்த பாலத்தைப் பத்தி எழுதவே இல்லையே, பார்க்கலையா? 1915ல கட்டினது, குட்டி பாலம்தான், காரை நிறுத்தாம போனா கண்ணுல படாது. ரெண்டு பக்கக் கைப்பிடிச் சுவரே எழுத்து, லிங்கன் ஹைவேன்னு ஒவ்வொரு எழுத்தா காங்கிரீட்ல வார்த்து நிறுத்தியிருக்காங்க, இடைவெளி வழியா அந்தப் பக்கம் தெரியும். அதுமேல இன்னும் வண்டி ஓடுது, எனக்கு அதுல பிடிச்சதே அதுதான்.

ஏம்ஸ்லேர்ந்து கிளம்பினா வழியில கோலோ வரும். விண்ணிபெக்லேர்ந்து நியூ ஆர்லியன்ஸ் போன ஜெஃபர்சன் ஹைவே லிங்கன் ஹைவேயை சந்திச்ச முக்கு அது, பழைய பெட்ரோல் பங்க், கஃபே, மோட்டல் மூணையும் பழையபடி சரிபண்ணி வச்சிருக்காங்க. மேற்க போனா ஆக்டன், 1992ல லிங்கன் ஹைவே அசோசியேஷனை திரும்ப ஆரம்பிச்ச ஊர். அவங்க ஆன்லைன் மேப்ல எந்தக் காலத்து ரோடு எதுன்னு தனித்தனி கலர்ல பார்க்கலாம், கிளம்பறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாத்துடுங்க, உங்க மூணு ரோட்டு குழப்பம் பாதி தீர்ந்துடும். மீதிக்கு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டா போதும்: ரோடு வளைஞ்சு திரும்பற இடத்துல கரண்ட் கம்பம் மட்டும் நேரா போகுதா, அங்க பழைய ரோடு இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

அப்படி தெரியற துண்டு நிறைய இப்ப பண்ணைக்காரங்க நிலம், கேக்காம உள்ள போயிடாதீங்க. மழை பேஞ்ச மறுநாள் தார், ஜல்லி ரெண்டும் இல்லாத துண்டுல காரை விடவும் வேணாம், அயோவா சேறு அன்னிக்கு மாதிரியேதான் இன்னும் இருக்கு.