ஒரு நாவல், மூன்று படங்கள்: வகுப்பில் எதைத் திரையிடுவது?

கேள்வி: பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். கேட் டக்ளஸ் விக்கின் 1903இல் எழுதிய ‘ரெபேக்கா ஆஃப் சன்னிபுரூக் ஃபார்ம்’ நாவலை ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுடன் படித்து முடித்திருக்கிறேன். அதே பெயரில் மூன்று ஹாலிவுட் படங்கள் இருக்கின்றன. எதைத் திரையிடலாம்? 1917 படத்தின் பிரதி ஒன்று கிடைத்தது; அதில் எல்லோரும் விடுவிடென்று ஓடுகிறார்கள், ஒலியும் இல்லை. அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: உங்களுக்குக் கிடைத்திருக்கும் 1917ஆம் ஆண்டு மௌனப்படத்தையே திரையிடுங்கள். ஷெர்லி டெம்பிள் நடித்த 1938 படம் பெயரையும் சில பாத்திரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, வானொலியில் பாடும் ஒரு சிறுமியின் கதையாக மாறிவிட்டது. நாவலைப் படித்துவிட்டு அதைப் பார்க்கும் மாணவி, தான் படித்தது எங்கே என்று தேடிக் களைத்துப் போவாள். மேரியன் நிக்சன் நடித்த 1932 படம் பேசும் படம். நாவலோடு அதற்கு உறவு அதிகம் என்றாலும் உங்கள் வகுப்புக்கு அதைவிட முதல் படமே பயன் தரும். விக்கினும் சார்லட் தாம்சனும் சேர்ந்து இந்த நாவலை 1910இல் மேடை நாடகமாக்கியிருந்தார்கள். நாவல் வெளிவந்து பதினான்கே ஆண்டுகளில், அந்த நாடகத்தின் நினைவும் மங்காத காலத்தில், கதையை மனப்பாடமாக அறிந்திருந்த பார்வையாளர்களுக்காக எடுக்கப்பட்ட படம் இது.

இயக்கியவர் மார்ஷல் நீலன். திரைக்கதை ஃபிரான்சிஸ் மரியன் என்ற பெண் எழுத்தாளருடையது. கதை நடக்கும் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் கிராமமான ரிவர்பரோவுக்குப் பதிலாகக் கலிபோர்னியாவின் பிளசன்டன் ஊரில் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள். கதைநாயகியான சிறுமி ரெபேக்காவாக நடித்த மேரி பிக்ஃபோர்டுக்கு அப்போது வயது 25 என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் ஐந்தடி உயரமே இருந்தவர். நெடிய நடிகர்களிடையே நின்று, தோளையும் நடையையும் மாற்றிக்கொண்டு அவர் குழந்தையாகும் விதத்தைத் தனியாகக் கவனிக்கச் சொன்னால், மாணவிகள் நடிப்பு என்னும் கலையைப் பற்றியே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

இனி வேகம். அக்காலத்துப் படக்கருவியைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்குப் பெரும்பாலும் 16 முதல் 20 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) பதிவாயின. பேசும் படம் வந்த பிறகே 24 என்பது நிலையானது. ஆயிரம் அடிச் சுருளில் 16,000 சட்டங்கள் உண்டு. அதை நொடிக்கு 18 வீதம் ஓட்டினால் ஏறக்குறைய 15 நிமிடம் வரும், 24 வீதம் ஓட்டினால் 11 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். உங்கள் பிரதியில் மனிதர்கள் ஓடுவதற்கு இதுவே காரணம். படம் எடுத்தவர்கள்மீதோ நடிகர்கள்மீதோ குற்றமில்லை. இந்தப் படத்தின் நேரம் வழக்கமாக 78 நிமிடம் என்று குறிக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் பிரதி வேகமாக மாற்றப்பட்டது, அல்லது காட்சிகள் விடுபட்டது என்று கொள்ளலாம். விஎல்சி போன்ற மென்பொருளில் வேகத்தை 0.75 ஆக்கி, யாராவது இயல்பாக நடந்து வரும் காட்சியையோ குதிரை வண்டி செல்லும் காட்சியையோ ஓட்டிப் பாருங்கள். பாதம் தரையில் ஊன்றுவது கண்ணுக்கு உறுத்தாமல் தெரிந்தால் அந்த வேகம் சரி. அதைவிடக் குறைக்காதீர்கள், பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் சர்க்கஸ் போன்ற வேடிக்கைக் காட்சிகளுக்குச் சற்றுத் துள்ளல் வேண்டும், அதற்கு 0.85 வரைகூடப் போகலாம்.

காட்சிகளுக்கு இடையே எழுத்தாக வரும் உரையாடல் அட்டைகளைத் தாமாகவே படிக்கட்டும் என்று மாணவிகளிடம் விட்டுவிடாமல், ஒரு மாணவி உரக்கப் படிக்க, இன்னொருத்தி உடனே தமிழில் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். இது புதிய உத்தி அன்று. மௌனப்படக் காலத்தில் தமிழகத்துக் கொட்டகைகளிலும் கதையை எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததுண்டு. அட்டைகள் மட்டுமல்ல, காட்சிக்குள் இருக்கும் எழுத்தும் முக்கியம். பசியோடு பலகாரத்தின்மீது கை வைக்கப்போகும் ரெபேக்கா, சுவரில் ‘திருடாதே’ என்ற வாசகத்தைக் கண்டு தயங்கி, பிறகு ‘தனக்குத் தானே உதவுபவருக்கே கடவுள் உதவுவார்’ என்ற இன்னொரு வாசகத்தைக் கண்டு தெம்படையும் இடத்தில், எழுத்தைப் படிக்காதவருக்குச் சிரிப்பே வராது.

படத்தை ஒலியே இல்லாமல் ஓட்டாதீர்கள்; அந்நாளில் அரங்குகளில் பியானோவோ ஆர்கனோ வாத்தியக் குழுவோ வாசிக்கும் வழக்கம் இருந்தது. கீபோர்டு வாசிக்கத் தெரிந்த மாணவி ஒருத்தி இருந்தால் பதிவிசையைத் தேடவே வேண்டாம். அவள் படத்தை முன்கூட்டியே ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். மிராண்டா பெரியம்மாவின் கண்டிப்பான வீட்டுக்குள் ரெபேக்கா நுழையும் இடம், பெரியம்மாவின் கடைசிக் காலம் ஆகியவற்றில் வாசிப்பு அடங்கி ஒலிக்க வேண்டும்.

ஆடம் லாட் என்ற பாத்திரத்தைப் பற்றி வகுப்பில் பேசாமல் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏழைக் குடும்பமான சிம்ப்சன்களுக்கு விளக்கு வாங்கித் தருவதற்காகச் சோப்பு விற்கும் சிறுமி ரெபேக்காவிடம் 300 கட்டிகளை வாங்கும் இளைஞன் அவன். அவள் வளர்ந்த பிறகு அவன் மனத்தில் எழும் அன்பை நாவல் சொல்லாமல் நிறுத்திவிடுகிறது. மிராண்டா தன் வீட்டை ரெபேக்காவுக்கு விட்டுச் செல்வதில்தான் அதன் முடிவின் கனம் இருக்கிறது. படமோ காதலை நோக்கிச் சாய்கிறது. இக்கால மாணவிகளுக்கு அந்த வயது வேறுபாடு நெருடும்; அவர்கள் அதைக் கேட்டால் அடக்காமல், இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டு எழுதச் செய்யுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்துக்குத் தரும் பாதுகாப்பு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். 1917 படம் அதைத் தாண்டி வெகுகாலமாகிறது, அமெரிக்காவிலும் அதற்குப் பதிப்புரிமை இல்லை. மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையோர் மட்டுமே பார்க்கும் திரையிடலுக்கு அச்சட்டத்தின் 52ஆம் பிரிவும் இடம் தருகிறது. பள்ளிக்கு வெளியே பொதுமக்களுக்கு, இசை சேர்த்த வேறொரு பிரதியைக் காட்டுவதாக இருந்தால், அந்தப் புதிய இசைக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். அப்போது அந்த இசையை நிறுத்திவிட்டு உங்கள் மாணவியையே வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெறுங்கள்.