ஸ்பைரல் கிளாசிஃபையர் ஓவர்ஃப்ளோவில் பருமணல் வருகிறது: வேகத்தைக் குறைக்கவா, சைக்ளோனுக்கு மாறவா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சின்ன தாது ஆலை, பந்துகளால் தாதுவை அரைக்கும் பால் மில்லும், அரைத்த கூழிலிருந்து பருமணலைப் பிரித்து மில்லுக்கே திருப்பும் ஸ்பைரல் கிளாசிஃபையரும் சேர்ந்த மூடிய சுற்று. ஓவர்ஃப்ளோவில், அதாவது வழிந்து போகும் நைஸ் கூழில், பெரிய துகள் வந்து ஃப்ளோட்டேஷனை (தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பதை) கெடுக்கிறது. ஸ்பைரலின் வேகத்தைக் குறைப்பதா, இல்லை கூழைச் சுழலவிட்டுப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் வாங்குவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் சார். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த வகை மெஷின்களைச் செய்யும் பட்டறையில் டிசைன் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால், இன்று எங்களுக்குச் சோறு போடுவது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து எம்-சாண்ட் ஆட்கள்தான். அவர்கள் வாங்கும் மணல் கழுவும் ஸ்க்ரூவைப் பார்த்தால் உங்கள் கிளாசிஃபையர் மாதிரியே இருக்கும். சரிந்த தொட்டி, மெதுவாகச் சுற்றும் ஸ்பைரல், கீழ்ப்பக்கம் குளம், மேல்பக்கம் மணல் வெளியேறும் வாய். ஆனால் வேலை தலைகீழ். அங்கே மேலே ஏறி வரும் மணல்தான் சரக்கு, வழிந்து போகும் சேற்றுத் தண்ணீர் கழிவு. உங்களுக்கோ வழிந்து போவதுதான் சரக்கு. மேலே ஏறும் மணல் மறுபடி மில்லுக்குள் போக வேண்டியது. அதனால்தான் விலை குறைவு என்று மணல் ஸ்க்ரூவை வாங்கி மில்லுக்குப் பின்னால் வைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது குளத்தின் பரப்பு எவ்வளவு என்று. கழுவும் ஸ்க்ரூவில் குளம் சின்னது. துகள் அடங்க நேரம் கிடைக்காது. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் மேலே படிப்பதற்கு முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயம். கூழ் கெட்டியாக இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு, கீழே இறங்க வேண்டிய பருமணலும் மிதந்தபடியே குளத்தின் விளிம்புத் தடுப்பைத் தாண்டிப் போய்விடும். தண்ணீர் சேர்த்தால் துகள் தடையில்லாமல் இறங்கும், ஓவர்ஃப்ளோ நைசாகும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி ஊற்றினால் குளத்தில் நீரோட்டம் வேகமெடுத்து, அதுவே பருமணலைத் தள்ளிக்கொண்டு போகும். ஆக, பருமணல் வருவதற்குத் தண்ணீர் குறைவும் காரணமாகலாம், அதிகமும் காரணமாகலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட வேண்டும். ஒரு லிட்டர் டப்பா நிறைய ஓவர்ஃப்ளோவைப் பிடித்து நிறுங்கள். தாதுவின் அடர்த்தி 2.7 என்று வைத்துக்கொண்டால், கூழ் 1250 கிராம் இருந்தால் திடப்பொருள் சுமார் 32 சதவீதம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இந்த எண் ஏறி இறங்கினால் உங்கள் நோய் அதுதான்.

தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். ஆபரேட்டர்கள் பல இடங்களில் மில் வாயிலேயே பைப்பைத் திறந்துவிடுவார்கள். அது கூடாது. மில்லுக்குள் கூழ் தோசை மாவு பதத்தில் இருந்தால்தான் பந்துகளின் மேல் ஒட்டி அரைபடும். எடையில் 65 முதல் 80 சதவீதம் திடப்பொருள் என்பது வழக்கமான கணக்கு. கிளாசிஃபையருக்கான தண்ணீரை மில் டிஸ்சார்ஜில், அதாவது கூழ் வெளியே வந்தபிறகு சேருங்கள். கொஞ்சம் மாற்றிவிட்டு, சுற்று நிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம் மறுபடி நிறுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வால்வைத் திருகினால் எதுவும் புரியாது.

ஸ்பைரல் வேகத்தைக் குறைத்தால் குளம் அமைதியாகும், ஓவர்ஃப்ளோ நைசாகும், அது சரிதான். ஆனால் மணலை மேலேற்றும் திறனும் குறையும். முதலில் சுழல் சுமையை, அதாவது மில்லுக்குத் திரும்பும் மணலின் அளவை, கணக்கிடுங்கள். மூன்று இடத்தில் சாம்பிள் எடுத்து 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, கீழே இறங்கும் சதவீதத்தைப் பாருங்கள். கிளாசிஃபையருக்குள் போவதில் 30, ஓவர்ஃப்ளோவில் 65, திரும்பும் மணலில் 16 என்று வந்தால், 65-இலிருந்து 30 போக 35. 30-இலிருந்து 16 போக 14. 35-ஐ 14-ஆல் வகுத்தால் 2.5. அதாவது புதிதாகப் போடும் தாதுவைப் போல இரண்டரை மடங்கு மணல் திரும்பிச் சுற்றுகிறது. அந்த அளவை உங்கள் ஸ்பைரல் குறைந்த வேகத்தில் தூக்குமா? தூக்காவிட்டால் தொட்டியில் மணல் ஏறி இறுகிவிடும். அதற்குப் பதில் ஓவர்ஃப்ளோ தடுப்பை ஒரு பலகை உயர்த்திப் பாருங்கள். குளம் பெரிதாகும், செலவும் இல்லை.

சைக்ளோன் நல்ல கருவிதான். இடம் குறைவு, உள்ளே ஓடும் பாகம் கிடையாது, நைசான பிரிப்புக்கும் பெரிய டன்னேஜுக்கும் அதுவே பொருத்தம். பெரிய ஆலைகள் அதற்கு மாறியது அதனால்தான். ஆனால் அதற்குப் பம்ப் வேண்டும், பம்புக்குக் கூழ் தரும் தொட்டியான சம்பில் மட்டம் ஆடாமல் இருக்க வேண்டும், உள்ளே ஒட்டிய லைனர் தேயும். சின்ன ஆலையில் ஃபீட் ஏறி இறங்கினால் பம்ப் காற்றை இழுத்து, பிரிப்பு தாறுமாறாகும். கிளாசிஃபையர் இந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுமையாகத் தாங்கும்.

ஒன்று மட்டும் இரண்டு கருவிக்கும் பொது. இரண்டுமே துகளின் அளவோடு எடையையும் சேர்த்தே பார்க்கின்றன. ஈயத்தாதுவான கலீனாவின் அடர்த்தி 7.5, குவார்ட்ஸ் 2.65, சேலம் கஞ்சமலையில் இருக்கும் மேக்னடைட் 5.2. போதுமான அளவு அரைபட்ட கனமான தாதுத்துகளும் மணலோடு கீழே இறங்கி மறுபடி மில்லுக்குப் போய் வீணாகப் பொடியாகும். திரும்பும் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழ் உள்ள பகுதியைத் தனியாக அசே செய்து, அதாவது எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று சோதித்து, பாருங்கள். உலோகம் அதில் குவிந்திருந்தால் சைக்ளோன் வாங்கும் பணத்தில் மில்லுக்கும் கிளாசிஃபையருக்கும் நடுவே ஒரு ஃப்ளோட்டேஷன் செல் வைப்பது மேல். தங்கம் என்றால் அந்த இடத்தில் ஒரு ஜிக், அதாவது தண்ணீரைத் துடிக்கவிட்டு கனமான துகளைப் பிரிக்கும் கருவி.