கனடாவில் நம் வாக்குக்கு எவ்வளவு மதிப்பு? கட்சி, தலைவர், தேர்தல் முறை பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

2025 ஏப்ரல் 28 தேர்தலுக்குப் பிறகு சந்திக்கிறவர்கள் எல்லாம் கேட்ட கேள்விகள் இவை. தேர்தல் வேலைகளில் நிறைய அலைந்தவன், தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவரே வெல்வார், பாதிகூட எடுக்க வேண்டியதில்லை என்ற இந்தத் தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று உறுதியாக நினைப்பவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில்களில் என் கருத்தும் இருக்கும்.

கேள்வி (ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி): அண்ணா, எனக்குப் பிடித்த கட்சி என்.டி.பி (புதிய ஜனநாயகக் கட்சி). ஆனால் கொன்சர்வேட்டிவ் வந்துவிடக் கூடாது என்று லிபரலுக்குப் போட்டேன். செய்தது சரியா?

பதில்: சரிதான் தம்பி, குற்ற உணர்ச்சி எதற்கு? உன்னைப் போல நாடு முழுக்க எத்தனையோ பேர் அப்படித்தான் போட்டார்கள். 2021இல் 17.8 சதவீதம் எடுத்த என்.டி.பி 2025இல் 6.3 சதவீதத்துக்கு இறங்கியதற்கு டிரம்பின் வரி மிரட்டல், லிபரல் பிரதமர் ட்ரூடோ போய் கார்னி வந்தது என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் பிடித்த கட்சிக்குப் போட்டால் பிடிக்காத கட்சி வென்றுவிடும் என்ற பயம்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. அந்தப் பயம் நியாயமானது. வன்கூவர் தீவில் இருக்கும் நனைமோ-லேடிஸ்மித் தொகுதியைப் பார். கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் சுமார் 35 சதவீதத்தோடு வென்றுவிட்டார், மற்ற வாக்கெல்லாம் பெரும்பாலும் லிபரல், என்.டி.பி, பசுமைக் கட்சி என்று மூன்றாகப் பிரிந்தது. அங்கே தோற்ற என்.டி.பி உறுப்பினர் லிசா மரி பாரன் 2021இல் அதே தொகுதியில் வென்றது 29 சதவீதம்கூட இல்லாமல்தான். அதாவது அந்தத் தொகுதியில் இரண்டு தேர்தலிலும், இரண்டு வேறு கட்சிகளின் கையால், பெரும்பான்மை மக்கள் கேட்காத ஒருவர்தான் நாடாளுமன்றம் போனார். இதே பாரன்தான் தேர்தல் முறையை ஆராய, பொதுமக்களைக் கொண்ட ஒரு மக்கள் மன்றம் அமைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர். 2024 பெப்ரவரியில் 101க்கு 220 என்று அதைத் தோற்கடித்தார்கள்.

கேள்வி (மார்க்கத்திலிருந்து ஒரு அக்கா): எண்ணிக்கையில் பார்த்தால் அநியாயம் எவ்வளவு? எனக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்கோ.

பதில்: ஒன்றே போதும் அக்கா. 2025இல் கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிடும் பிளாக் கியூபெக்வாவும் என்.டி.பியும் ஆளுக்கு 12 இலட்சத்துக்கு மேல் வாக்கு எடுத்தன, இரண்டுக்கும் 6.3 சதவீதம். பிளாக்குக்கு 22 இடம், என்.டி.பிக்கு 7 இடம். பிளாக்கின் வாக்கு ஒரே மாகாணத்தில் குவிந்திருக்கிறது, என்.டி.பியின் வாக்கு நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். 12 இடம் இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்ற நிலை போய்விடும், அதோடு நாடாளுமன்ற ஆய்வுப் பணம், குழுக்களில் இடம், கேள்வி நேரத்தில் நிச்சயமான முறை எல்லாம் போகும். வாக்குச் சதவீதத்துக்கு ஏற்ப, அதாவது விகிதாசாரமாகக் கொடுத்திருந்தால் என்.டி.பிக்கும் 20, 22 இடம் கிடைத்திருக்கும்.

கொன்சர்வேட்டிவ்காரர்களும் இதில் அடி வாங்கியவர்கள்தான். 2019இல் அவர்களுக்கு 34.3 சதவீதம், லிபரலுக்கு 33.1. ஆனால் இடங்கள் 121க்கு 157. 2021இலும் அதே கதை. மேற்கில் தலைகீழ்: சஸ்காச்சவனில் 2019, 2021 இரண்டிலும் 14 இடமும் கொன்சர்வேட்டிவுக்கே, அங்கே வேறு கட்சிக்குப் போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அவர்களுக்கு ஒட்டாவாவில் ஒரு குரலும் இருக்கவில்லை. மேற்கு முழுக்க ஒரு நிறம், ரொறன்ரோ முழுக்க இன்னொரு நிறம் என்று வரைபடத்தில் தெரிகிற பிளவில் பாதியை இந்த முறையே உருவாக்குகிறது. நாட்டு ஒற்றுமை பற்றிக் கவலைப்படுகிற எவரும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

கேள்வி: ட்ரூடோ மாற்றுகிறேன் என்று சொன்னாரே, என்ன ஆனது?

பதில்: 2015 தேர்தல்தான் பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று வாக்குறுதி கொடுத்தார். வென்ற பிறகு ஐந்து கட்சிகளும் இருந்த ஒரு சிறப்புக் குழு ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டது. 2016 டிசம்பரில் விகிதாசார முறை ஒன்றை வடிவமைத்து மக்கள் வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று அறிக்கை தந்தது. 2017 பெப்ரவரி 1ஆம் திகதி, கருத்தொற்றுமை இல்லை என்று சொல்லி அரசு கைவிட்டது. ட்ரூடோவுக்குப் பிடித்தது வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை, குழு கொடுத்தது வேறு. கிடைத்தது தனக்கு வேண்டியது இல்லை என்றதும் விட்டுவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025 ஜனவரி 6ஆம் திகதி விலகல் அறிவிப்பின்போது தனக்குள்ள வருத்தம் என்று அவர் சொன்னது இதைத்தான், அப்போதும் இரண்டாம் மூன்றாம் தெரிவு பற்றித்தான் பேசினார். அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்கார்பலேஜியாவை 2025 மே மாதம் நாடாளுமன்றம் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. விஷயம் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருக்கிறார், ஆனால் சபாநாயகர் கட்சி சார்ந்து பேச முடியாது.

கேள்வி (அஜக்ஸிலிருந்து ஒரு ஐயா): 1, 2, 3 போடுவது நல்லதுதானே தம்பி? இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் அப்படித்தானே?

பதில்: ஐயா, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு அது நல்ல முறை. 2024 செப்டம்பரில் அனுரகுமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம்தான் எடுத்தார், பாதியைத் தாண்டாததால் இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். ஜனாதிபதி ஒருவர்தான் என்பதால் பொருந்துகிறது.

நாடாளுமன்றம் அப்படியல்ல, அங்கே 343 பேர். தொகுதிக்கு ஒருவர்தான் என்று வைத்துக்கொண்டு 1, 2, 3 போட்டால், நனைமோவில் வாக்குப் பிரிவது தீரும், ஆனால் என்.டி.பிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் 7க்கு 22 என்ற இடைவெளி தீராது. நடுவில் நிற்கும் கட்சிக்கு எல்லோருடைய இரண்டாம் தெரிவும் போய்ச் சேரும், நடுவில் நிற்பது லிபரல். மற்றக் கட்சிகள் சந்தேகப்படுவது அதனால்தான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1952இல் இதைச் செய்து பார்த்தார்கள். லிபரலும் கொன்சர்வேட்டிவும் சேர்ந்திருந்த அரசு, சோசலிசக் கட்சியான சி.சி.எஃப் வராமல் தடுக்கவே இந்த முறையைக் கொண்டுவந்தது. தங்கள் ஆதரவாளர்கள் ஒருவருக்கொருவர் இரண்டாம் தெரிவைக் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். மக்கள் அந்த இரண்டு கட்சியையும் ஒதுக்கிவிட்டு சோஷல் கிரெடிட் என்ற கட்சிக்கு 19 இடம் கொடுத்தார்கள், சி.சி.எஃப்புக்கு 18. டபிள்யூ.ஏ.சி. பென்னட் முதல்வரானார், 1953இல் பெரும்பான்மை எடுத்தார், பிறகு பழைய முறைக்கே திரும்பிவிட்டார். தங்கள் லாபத்துக்காக முறையை மாற்றுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. அதனால்தான் முடிவை அரசியல்வாதிகள் கையில் விடாமல் மக்கள் மன்றத்திடம் கொடுக்கக் கேட்கிறோம்.

கேள்வி: அப்போ உங்களுக்கு எந்த முறை வேண்டும்?

பதில்: நியூசிலாந்தில் இருப்பது. ஆளுக்கு இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. தொகுதிகளில் வென்றது போக, கட்சிக்கு விழுந்த சதவீதத்துக்கு ஏற்ற மாதிரி மீதி இடங்களைப் பட்டியலில் இருந்து நிரப்புவார்கள். 1996இல் இருந்து அங்கே இப்படித்தான், 2011இல் தொடரலாமா என்று கேட்டபோதும் மக்கள் தொடரலாம் என்றார்கள். உங்கள் பிரச்சினைக்குப் போய்ப் பேச ஊர் உறுப்பினரும் இருப்பார், கட்சி வாக்கும் வீணாகாது. இலங்கை உள்ளூராட்சித் தேர்தலில் இருக்கும் 60-40 கலப்பு முறையைத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும், அங்கே வாக்கு ஒன்று, இங்கே இரண்டு.

கேள்வி (பிரம்டனிலிருந்து ஒருவர்): மாகாணங்களில் தேர்தல் முறையை மாற்றலாமா என்று மக்களைக் கேட்டுப் பார்த்தார்களே, மக்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு எதற்கு இந்தப் பேச்சு?

பதில்: ஒன்ராறியோ 2007இல் 63 சதவீதம் வேண்டாம் என்றது, பிரிட்டிஷ் கொலம்பியா 2009இலும் 2018இலும் 61 சதவீதத்தை ஒட்டி வேண்டாம் என்றது, மறுக்கவில்லை. ஆனால் மற்றதையும் சொல்லுங்கள். அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் 57.7 சதவீதம் வேண்டும் என்றார்கள், அரசு 60 கேட்டிருந்ததால் அது செல்லவில்லை. 39 சதவீதத்தோடு பெரும்பான்மை அரசு அமைக்கலாம், 57 சதவீதத்தோடு முறையை மாற்ற முடியாது! பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 2016இல் கலப்பு முறை வென்றது, வாக்களித்தவர்கள் குறைவு என்று அரசு ஒதுக்கிவிட்டது, 2019இல் திரும்பக் கேட்டு மயிரிழையில் தோற்றது.

கேள்வி: சிறுபான்மை அரசு என்றால் ஒன்றும் நடக்காது, அடிக்கடி தேர்தல் வரும். விகிதாசாரத்தில் எப்போதும் அதுதானே?

பதில்: பிரதமர் பியர்சன் 1963இல் இருந்து 1968 வரை ஒரு நாள்கூடப் பெரும்பான்மை இல்லாமல்தான் ஆண்டார். பொது மருத்துவக் காப்பீடு, கனடா ஓய்வூதியத் திட்டம், சிவப்பு இலைக் கொடி மூன்றும் அப்போது வந்தவை. பல் மருத்துவத் திட்டம் 2022இல் லிபரலும் என்.டி.பியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் வந்தது. நம்மூர் அப்பா அம்மாக்கள் இன்று பல் வைத்தியரிடம் போகிறார்கள் என்றால் அதனால்தான். ஒரு குறை உண்மை: சின்னக் கட்சி ஒன்று தன் அளவுக்கு மீறி மிரட்டலாம், அதற்காகத்தான் நியூசிலாந்து பட்டியல் இடங்களுக்கு 5 சதவீத எல்லை வைத்திருக்கிறது.

கேள்வி (மிசிசாகாவிலிருந்து ஒரு தங்கை): அண்ணா, எனக்கு இன்னும் நிரந்தர வதிவிடம்தான், குடியுரிமை இல்லை. நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

பதில்: இல்லை தங்கச்சி, இதைத்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பொதுத் தேர்தலில் உனக்கு வாக்கில்லை, ஆனால் கட்சியில் சேரலாம். கட்சித் தலைவரையும், உன் தொகுதி வேட்பாளரையும் தேர்ந்தெடுக்கும் உள் தேர்தலில் வாக்களிக்கலாம். 2025 மார்ச்சில் லிபரல் கட்சி கார்னியைத் தேர்ந்தெடுத்தபோது 14 வயது நிரம்பிய, கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள எந்த உறுப்பினரும் வாக்களிக்கலாம் என்றிருந்தது, சேரக் கட்டணம்கூட இல்லை. 4 கோடிப் பேர் இருக்கும் நாட்டின் அடுத்த பிரதமரை அன்றைக்கு முடிவு செய்தவர்கள் சுமார் ஒன்றரை இலட்சம் பேர்!

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லிபரலிலும் சரி கொன்சர்வேட்டிவிலும் சரி, தலைவர் தேர்தலில் ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி. உறுப்பினர் அதிகம் இருக்கும் தொகுதியைவிடக் குறைவாக இருக்கும் தொகுதியில் உன் ஒரு வாக்குக்குப் பாரம் அதிகம். (கொன்சர்வேட்டிவில் 100க்குக் குறைவானவர்கள் வாக்களித்த தொகுதிக்கு அத்தனை புள்ளிதான்.) 2017இல் அந்தக் கட்சியில் 13 சுற்று எண்ணி, கடைசியில் 50.95க்கு 49.05 என்று ஷியர் பெர்னியேவை வென்றார். சில தொகுதிகளில் கொஞ்சப் பேர் கூடுதலாகப் போயிருந்தால் தலைவரே மாறியிருப்பார். வேட்பாளர் தெரிவில் இன்னும் நெருக்கம், சில நூறு பேரோடு முடிந்துவிடும். ஸ்காபரோவில் வெல்லும் கட்சி எது என்று பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும்போது உண்மையான போட்டி அங்கேதான் நடக்கிறது.

கேள்வி: கட்சிக்காரர்களுக்கே பிடிக்காத தலைவரை எப்படி இறக்குவது?

பதில்: மைக்கல் சோங் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. ஒரு கட்சியின் எம்.பி.க்களில் 20 சதவீதம் கையெழுத்திட்டால் இரகசிய வாக்கெடுப்பு, பாதிக்கு மேல் எதிர்த்தால் தலைவர் போக வேண்டும். 2022 பெப்ரவரியில் கொன்சர்வேட்டிவ் தலைவர் எரின் ஓட்டூலை 73க்கு 45 என்று அப்படித்தான் இறக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அந்தந்தக் கட்சி எம்.பி.க்கள் இந்தச் சட்டத்தை ஏற்கிறோம் என்று வாக்களித்தால்தான் அது செல்லும், லிபரல் ஏற்பதே இல்லை. 2024 அக்டோபரில் இருபதுக்கு மேற்பட்ட லிபரல் எம்.பி.க்கள் ட்ரூடோவை விலகச் சொல்லிக் கடிதம் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை, டிசம்பரில் பிரீலண்ட் நிதியமைச்சர் பதவியை விட்டபோதுதான் ட்ரூடோவின் நாற்காலி ஆட்டம் கண்டது. எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்தச் சட்டம் கட்டாயம் ஆக வேண்டும்.

கேள்வி: கொன்சர்வேட்டிவ் தலைவர் பொலியேவ் நின்ற இடத்தில் வாக்குச்சீட்டு ஒரு மீட்டர் நீளமாமே?

பதில்: ஆமாம், கார்ல்டன் தொகுதியில் 91 வேட்பாளர்கள். அங்கே அவர் தோற்று, 2025 ஆகஸ்டில் அல்பேர்ட்டாவின் பேட்டில் ரிவர்-குரோஃபுட் இடைத்தேர்தலில் நின்றபோது 214 பேர், அச்சடிக்க முடியாமல் பெயரை எழுதும் வெற்றுச் சீட்டுக் கொடுத்தார்கள். தேர்தல் முறையை மாற்றக் கேட்கும் ஒரு குழுவின் போராட்டம் அது. கோரிக்கை என்னுடையதும்தான், வழி எனக்கு உடன்பாடில்லை. கண் மங்கலான ஒரு அம்மா அந்தச் சீட்டில் பெயர் தேடிக் களைப்பதால் யாரும் நம் பக்கம் வரமாட்டார்கள்.

கேள்வி (வயதான ஒரு அம்மா, மகன் மூலம்): குளிரில் வெளியே போக முடியாது, தபாலில் வாக்குப் போட்டால் எண்ணுவார்களா?

பதில்: எண்ணுவார்கள் அம்மா, ஆனால் நேரத்தோடு விண்ணப்பித்து நேரத்தோடு அனுப்ப வேண்டும். திரும்ப அனுப்பும் உறையில் அச்சிட்டிருக்கும் முகவரி உங்கள் தொகுதி அலுவலகத்துடையதுதானா என்று மகனை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். 2025இல் கியூபெக்கின் டெர்போன் தொகுதியில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு லிபரல் ஒரே ஒரு வாக்கால் முன்னுக்கு வந்தது, அங்கே பிளாக்குக்குப் போட்ட ஒரு பெண்மணியின் தபால் வாக்கு, தேர்தல் அலுவலகம் உறையில் அச்சிட்ட அஞ்சல் குறியீடு பிழையாக இருந்ததால் அவரிடமே திரும்பி வந்திருந்தது, கட்சி நீதிமன்றம் போனது. வின்சரை ஒட்டிய ஒரு தொகுதியில் 4 வாக்கு, நியூஃபவுண்ட்லாந்தில் ஒன்றில் 12 வாக்கு வித்தியாசம். காலநிலை நன்றாக இருந்தால் முன்கூட்டியே வாக்களிக்கும் நான்கு நாட்களில் ஒன்றில் மகனோடு நேரே போய்ப் போட்டுவிடுங்கள். 2025இல் ஈஸ்டர் விடுமுறையோடு வந்த அந்த நாட்களில் 73 இலட்சம் பேர் போட்டார்கள், வரிசை நீளம்தான், காலையிலேயே போங்கள்.