ஒலி அட்டை வழியே ‘ரிட்டி’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெச்சூர் வானொலிப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விடயத்தைப் பற்றியவை. தட்டச்சிட்ட எழுத்துகளை வானொலி வழியே அனுப்பும், ஆர்.ரி.ரி.வை. எனப்படும் ரேடியோ ரெலிரைப் முறையை, பழைய தட்டச்சுத் தந்தி இயந்திரம் இல்லாமல், கணினியின் சவுண்ட் கார்டைக் (ஒலி அட்டையைக்) கொண்டு இயக்கும்போது எழும் சிக்கல்கள் அவை. வானொலிக்காரர் வாயில் இதற்கு ‘ரிட்டி’ என்று பெயர். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வாசகர், வெள்ளவத்தை: அண்மையில்தான் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 100 வாட் ரேடியோவை வெளிச் சவுண்ட் கார்ட் ஒன்றின் மூலம் மடிகணினியுடன் இணைத்து, எம்.எம்.ரி.ரி.வை. மென்பொருளை நிறுவியுள்ளேன். 14 மெகாஹேர்ட்ஸில் ரிட்டியின் ஒலி காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. திரையிலோ பொருளற்ற எழுத்துகளே ஓடுகின்றன. பிழை எங்கே?

பதில்: முதலில் மடிகணினிக்கு அருகே கைதட்டிப் பாருங்கள். மென்பொருளின் அலைமாலைக் கட்டத்தில் கோடுகள் துள்ளினால், கணினி உங்கள் ரேடியோவைக் கேட்கவில்லை. தன் சொந்த மைக்கின் வழியே அறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரேடியோவின் ஒலிபெருக்கிச் சத்தத்தோடு காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தத்தையும் சேர்த்துப் படிக்கச் சொன்னால் எந்த மென்பொருளும் உளறத்தான் செய்யும். ‘ஒப்ஷன்’ பட்டியலில் ‘செட்அப்’ என்பதைத் திறந்து, சவுண்ட் கார்ட் பக்கத்தில், உள்ளே வரும் ஒலிக்கும் வெளியே போகும் ஒலிக்கும் அந்த வெளிச் சவுண்ட் கார்டின் பெயரையே தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 ஆக இருந்தால், மைக்கைப் பயன்படுத்தச் செயலிகளுக்கு அனுமதி உண்டா என்பதையும் தனியுரிமை அமைப்பில் பார்க்க வேண்டும். பேச்சை மெருகூட்டுவதற்காக விண்டோஸ் தானாகச் சேர்க்கும் ‘மேம்பாடுகள்’ அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஸூம் உரையாடலுக்கு நன்மை செய்யும் இரைச்சல் நீக்கம், ரிட்டியின் இரு சுரங்களையும் இரைச்சல் என்றே எண்ணித் தின்றுவிடும்.

கைதட்டலுக்குக் கோடுகள் அசையாமல், ரேடியோவின் இரு முகடுகளும் குறிகோடுகளின் மேல் சரியாக அமர்ந்தும் எழுத்து உளறலாகவே வந்தால், பெரும்பாலும் பக்கப்பட்டைதான், அதாவது முகப்பு அலைவெண்ணின் எந்தப் பக்கத்தை ரேடியோ எடுக்கிறது என்பதுதான், தலைகீழாக இருக்கும். ரிட்டி என்பது 170 ஹேர்ட்ஸ் இடைவெளியுள்ள இரு சுரங்களுக்கிடையே மாறி மாறித் தாவுவதே. ஒன்றுக்கு ‘மார்க்’, மற்றதற்கு ‘ஸ்பேஸ்’ என்று பெயர். ஒலி அட்டை வழியே அனுப்புபவர்கள் மார்க்கை 2125, ஸ்பேஸை 2295 ஹேர்ட்ஸில் வைத்து, ரேடியோவை எல்.எஸ்.பி.யில், அதாவது கீழ்ப்பக்கப்பட்டையில் விடுவது நெடுநாள் வழக்கம். உங்கள் ரேடியோ யு.எஸ்.பி.யில், அதாவது மேற்பக்கப்பட்டையில் இருந்தால் மார்க் ஸ்பேஸாகவும் ஸ்பேஸ் மார்க்காகவும் புரண்டுவிடும். (கணினியில் கேபிள் செருகும் துளைக்கும் இதே மூன்றெழுத்து வாய்த்தது புதியவர்களை எத்தனை முறை குழப்பியிருக்கிறது என்று சொல்லி முடியாது.) ரேடியோவை எல்.எஸ்.பி.க்கு மாற்றுங்கள், மாற்ற இயலாத நிலையில் மென்பொருளின் ‘ரெவ்’ பொத்தானை அழுத்துங்கள்.

முகப்பில் 14.085 மெகாஹேர்ட்ஸ் என்று காட்டும்போது, உண்மையில் வான்வெளியில் உங்கள் மார்க் இருப்பது 14.082875 மெகாஹேர்ட்ஸில் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வேகம் 45.45 போட், அதாவது செக்கனுக்கு அத்தனை துடிப்புகள். கேட்கும் ரிட்டியெல்லாம் நம்முடையதல்ல: 10 மெகாஹேர்ட்ஸ் பட்டையின் விளிம்பில் ஒலிக்கும் ஜேர்மன் வானிலைச் சேவை 50 போட் வேகத்தையும் 450 ஹேர்ட்ஸ் இடைவெளியையும் பயன்படுத்துவதால், அமெச்சூர் அமைப்பில் அதைப் படிக்க முயன்றால் உளறலே வரும்.

வாசகர், தெஹிவளை: எஃப்.எல்.டிஜி மென்பொருளில் 700 ஹேர்ட்ஸ் அளவில் சுட்டியை வைத்து அனுப்புகிறேன். உங்கள் சிக்னல் மூன்று இடங்களில் கேட்கிறது என்று ஓர் ஐரோப்பிய நிலையம் எழுதியது. ரேடியோ பழுதா?

பதில்: ரேடியோ பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சவுண்ட் கார்டிலிருந்து தேவைக்கு மேல் வலுவான ஒலி ரேடியோவுக்குள் நுழையும்போது சுரம் நசுங்கி, 700 ஹேர்ட்ஸுடன் அதன் இரு மடங்கான 1400உம் மூன்று மடங்கான 2100உம் பிறக்கின்றன. குரலுக்காக அமைந்த வடிகட்டி 2400 ஹேர்ட்ஸுக்கு மேல் வரை திறந்திருப்பதால், மூன்றும் தடையின்றி வெளியே போய்விடுகின்றன. மார்க்கை 2125இல் வைக்கும் பழைய வழக்கத்தின் பயனும் இதில்தான் இருக்கிறது: அதன் இரு மடங்கு 4250 ஹேர்ட்ஸ், வடிகட்டியைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிடும். திரையில் எங்கே வேண்டுமானாலும் சொடுக்கலாம் என்ற வசதி கேட்பதற்கு நல்லது. அனுப்பும்போது உயர்ந்த சுரத்தில் நிற்பதே முறை.

ஆயினும் சுரத்தை மாற்றுவது நோயை மறைப்பதே. அளவைக் குறைப்பதே மருந்து. அன்டெனாவைக் கழற்றி, அதன் இடத்தில் வலுவை வான்வெளிக்கு விடாமல் தானே வாங்கிக்கொள்ளும் டம்மி லோட் ஒன்றைப் பொருத்துங்கள். ரேடியோவின் பேச்சுச் செறிவூட்டியை அணைத்து, மீற்றரை ஏ.எல்.சி.க்கு (ஒலி அளவு மிஞ்சும்போது ரேடியோ தானாக அடக்குவதைக் காட்டும் அளவுக்கு) மாற்றி, விண்டோஸின் ஒலி அளவை மிகக் கீழிருந்து மெல்ல மெல்ல உயர்த்துங்கள். முள் அசையத் தொடங்கும் இடத்தைக் கண்டதும் சற்றே பின்வாங்கி, அசைவு முற்றாக நிற்குமிடத்தில் விடுங்கள். அப்போது வலு 50 வாட்டைத்தான் எட்டுகிறது என்றால் மனம் சலிக்க வேண்டாம். பேச்சைப் போல ஏறி இறங்காமல் ரிட்டி முழு வலுவில் இடைவிடாது நிற்பதால், 100 வாட் ரேடியோவுக்கு 50 வாட்டே ஆரோக்கியம். எதிர்முனையில் உண்டாகும் வித்தியாசமோ 3 டெசிபெல், சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீற்றரில் அரைப் படி.

அனுப்பத் தொடங்குவதற்கு குரலுணர் விசையாகிய வொக்ஸை நம்பவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாலைப்பொழுதில், 20 மீற்றரில், அதாவது 14 மெகாஹேர்ட்ஸ் பட்டையில், ஐரோப்பிய நிலையங்கள் நன்றாகக் கேட்ட நேரம், எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. விண்டோஸ் ‘டிங்’ என்றது. வொக்ஸ் அதை என் குரலென்று எடுத்துக்கொண்டு 50 வாட்டில் வான்வெளிக்கு அனுப்பியது. எதிரே இருந்தவர் ஒரு கேள்விக்குறியை மட்டும் திருப்பி அனுப்பினார். அன்றே விண்டோஸின் ஒலிகளை மடிகணினியின் சொந்த ஒலிபெருக்கிக்கு மாற்றி, அனுப்பும் விசையைக் கணினியின் தொடர் இணைப்பில் (சீரியல் போர்ட்) உள்ள ஆர்.ரி.எஸ். கம்பியில் கட்டினேன். ‘ம்ம்’ என்ற ஹம் இரைச்சல் கேட்டால், ரேடியோவுக்கும் கணினிக்கும் இடையில் 600 ஓம், 1:1 விகிதமுள்ள ஒலி ட்ரான்ஸ்போமரைச் செருகுங்கள், பெரும்பாலும் தீரும்.

வாசகர், கொட்டாஞ்சேனை: 599 என்று சிக்னல் அறிக்கை தரவேண்டிய இடத்தில் பலருக்கும் ‘ரீ ஓ ஓ’ என்று ஆங்கில எழுத்துகள் வருவது ஏன்?

பதில்: உங்கள் விசைப்பலகையைப் பாருங்கள்: 5க்குக் கீழே ‘ரீ’, 9க்குக் கீழே ‘ஓ’. ரிட்டி ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து துடிப்புகளை மட்டுமே தருவதால் 32 குறிகளுக்கே இடமுண்டு. ஆகவே ஒரே குறி எழுத்து முறையில் ‘ரீ’ என்றும் எண் முறையில் 5 என்றும் இருமுறை உழைக்கிறது. முறையை மாற்றும் குறி இரைச்சலில் தொலைந்தால் எண்கள் எழுத்தாகவே நிற்கும். இடைவெளி வந்ததும் எழுத்து முறைக்குத் தானாகத் திரும்பும் வசதி எம்.எம்.ரி.ரி.வை.யில் யு.ஓ.எஸ். என்ற பொத்தானில் உள்ளது. பெறும்போதும் அனுப்பும்போதும் அதை இயக்கியே வையுங்கள். அனுப்புபவர் அதை அணைத்துவிட்டுப் பெறுபவர் இயக்கியிருந்தால், ‘599 599’ என்பதில் முதல் எண் சரியாக வந்து இரண்டாவது ‘ரீ ஓ ஓ’ ஆகிவிடும்.

நம் இலங்கை நிலையங்களுக்கு இது கூடுதல் தலைவலி. நமது அழைப்புக்குறியின் தொடக்கமான 4எஸ்7 எண், எழுத்து, எண் என்று மாறுவதால், அதையடுத்துவரும் எழுத்துக்கு முன்னர் நான்கு முறைமாற்றக் குறிகளும் சேர்ந்து ஏழு குறிகளாகின்றன. குறிக்கு 165 மில்லிசெக்கன் என்றால் 1.1 செக்கனுக்கும் மேல்! முதல் மாற்றம் தொலைந்தால் நாம் 4 அல்ல, ‘ஆர்’ ஆகிவிடுவோம். ஆகவே உங்கள் மேக்ரோவில் (ஒரே விசையில் அனுப்ப முன்கூட்டியே எழுதிவைத்த செய்தியில்) அழைப்புக்குறியை ஒருமுறையல்ல, இரண்டு முறை வையுங்கள். செப்டெம்பர் கடைசி முழு வார இறுதியில் நடக்கும் சீகியூ உலக ரிட்டிப் போட்டியில் அடுத்தடுத்து வரும் எண்களுக்கிடையே இடைவெளிக்குப் பதிலாகச் சிறு கோடு இடுங்கள். போட்டி நமக்குச் சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கும்.