விருப்பப் பட்டியலைச் சுருக்காதீர்கள்

வணக்கம்மா. மகளின் கட்-ஆஃப் 200-க்கு 172, பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் ஐந்தே கல்லூரி, ஐந்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் என்கிறீர்கள். நிறையப் போட்டால் வேண்டாத கல்லூரி விழுந்துவிடும் என்ற உங்கள் பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இடம் ஒதுக்குவது அப்படி இல்லை.

ரேங்க் வரிசையில் அவள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். முதலில் எது காலியாக இருக்கிறதோ அது கிடைக்கும். நாற்பதாவது வரியில் ஒரு கல்லூரி இருப்பதால் முதல் வரிக்கு ஒரு குறையும் வராது. இத்தனைதான் போடலாம் என்ற வரம்பும் இல்லை. ஐந்தோடு நிறுத்தி, அந்த ஐந்தும் நிரம்பிவிட்டால்தான் ஆபத்து. அடுத்த சுற்றில் மிச்சம் மீதியில் தேட வேண்டியிருக்கும். போன வருடம் அந்தக் கல்லூரிகளில் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்று பாருங்கள், சரி. பட்டியல் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு அது உதவும். வரிசையை மட்டும் அவள் ஆசைப்படியே வையுங்கள். எந்த நிலையிலும் சேரமாட்டோம் என்கிற கல்லூரியைச் சேர்க்கவே வேண்டாம்.

இடம் ஒதுக்கிய பிறகும் வழி இருக்கிறது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பங்களுக்கும் காத்திருக்கலாம். 'அப்வர்ட்' என்பது இதுதான். ஒன்று கவனம்: மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் வரிசையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஒதுக்கிய இடத்துக்குப் பதில் சொல்லும் கெடுவும் குறைவு. அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

'இப்போதே முன்பணம் கட்டினால்தான் சீட்' என்று நிர்வாக ஒதுக்கீட்டில் அவசரப்படுத்துபவர்களிடம் பிடிகொடுக்காதீர்கள். கலந்தாய்வு முடிவதற்குள் அசல் சான்றிதழை அவர்களிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. அதைக் கொடுத்துவிட்டால் நல்ல இடம் வந்தாலும் கை கட்டப்பட்டுவிடும். இந்த விஷயத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன்.

இனி மகளிடம் ஒரு கேள்வி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயர் முக்கியமா, கல்லூரி முக்கியமா? ஐ.டி. நிறுவனங்கள் ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல் தொடர்பு), ட்ரிபிள்-ஈ (மின், மின்னணு) படித்தவர்களையும் எடுக்கின்றன. நல்ல கல்லூரியில் ஈ.சி.ஈ. அவளுக்குச் சம்மதமென்றால் பட்டியல் தானாகவே இரண்டு மடங்காகும். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவளையே எழுதச் சொல்லுங்கள். விருப்பங்களைப் பதியும் கெடு முடியும்வரை வரிசையை மாற்றலாம், அதற்குள் ஒருமுறை எனக்கு அனுப்புங்கள்.