பாலிசிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இரண்டு ஏக்கரில் காபியும் மிளகும் போட்டிருக்கிறோம். மனைவிக்கு வயது 41. ஆறு மாதமாகக் கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், முதுகுத் தண்டுவடத்தை ஒரு நீர்க்கட்டி அழுத்துவது தெரிந்தது. அரக்னாய்டு சிஸ்ட், அபூர்வமானது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார் டாக்டர். மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுத்து 14 மாதம்தான் ஆகிறது. கட்டிகளுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டுமாம். பத்து மாதம் பொறுக்கலாமா, ஒரு ஏக்கரை விற்கலாமா? கையில் 9 பவுன் நகையும், மகள் படிப்புக்காகப் போட்ட 2 லட்சம் டெபாசிட்டும் இருக்கின்றன.

பதில்: இரண்டும் வேண்டாம், ஐயா. முக்கியமாக, பொறுக்க வேண்டாம். இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் அழுத்தம் நீடித்தால் தண்டுவட நரம்புகள் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம், அதன்பிறகு கட்டியை எடுத்தாலும் போன பலம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. பத்து மாதம் கழித்துப் பாலிசி பணம் தரும், காலைத் தராது. சிறுநீர், மலம் கழிப்பதில் தடுமாற்றம் வந்தாலோ கால் சட்டென்று பலமிழந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முதல் வழி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். இதில் காத்திருப்புக் காலம் கிடையாது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு சேலம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அப்புறம், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் எம்.ஆர்.ஐ. படங்களைக் காட்டிக் கேளுங்கள். முதுகெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து கட்டியை எடுப்பார்கள், அல்லது அதன் சுவரைத் திறந்து நீரை வடியவிடுவார்கள். எது பொருந்தும் என்பதை அவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பாலிசியையும் கைவிடாதீர்கள். காத்திருக்க வேண்டிய நோய்களின் பட்டியல் எல்லா பாலிசியிலும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் 'கட்டிகள்', 'முதுகெலும்பு நோய்கள்' என்று இரண்டும் இருக்கும், சிலவற்றில் வாசகம் வேறு. "யாரோ சொன்னார்கள்" என்பதை நம்பாமல், ஆஸ்பத்திரி வழியாக முன் அனுமதி கேட்டு, மறுத்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். இது பிறவிக் கோளாறு என்று சொல்லி மறுத்தால் விடாதீர்கள். உடலுக்குள் இருக்கும் பிறவிக் குறைகளை நிரந்தரமாக ஒதுக்க விதி இடம் தராது. நிறுவனத்திடம் புகார் செய்து, ஒரு மாதத்தில் பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் இல்லை. ஸ்கேன் பில் முதல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பிரீமியத்தைத் தவறாமல் கட்டுங்கள், இடையில் விட்டால் இதுவரை ஓடிய 14 மாதமும் போய்விடும்.

இதற்கும் மேல் பணம் தேவைப்பட்டால் நகையை வங்கியில் அடகு வையுங்கள். காபி, மிளகு அறுவடைப் பணத்தில் மீட்கலாம், விற்ற நிலத்தை அப்படி மீட்க முடியாது. மகளின் டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் வாங்கலாம், ஆனால் அது கடைசிக் கட்டத்துக்கு. எனக்கு மனசில் உறுத்துவது ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் செலவு. பல மாதம் பிசியோதெரபி, திரும்ப ஸ்கேன், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வண்டி வாடகை, அவர் தோட்டத்தில் செய்த வேலைக்கு ஆள் கூலி. அதற்கு இப்போதே 50,000 ரூபாயாவது தனியாக வையுங்கள். இந்த வாரமே கலெக்டர் அலுவலகம் போய்வாருங்கள்.